போன் ஆப் வைத்து பியானோ கற்றுக்கொள்ள முடியுமா? தாம்பரம் டூ சிறுசேரி வாசிகளுக்கு ஒரு விளக்கம்

ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடுவில் அந்த விளம்பரம் வரும். மேஜையில் ஒரு கீபோர்டு, அதன் மேல் சாய்த்து வைத்த போன், திரையில் ஓடும் நோட்டுகள். தினமும் பத்து நிமிடம் போதும், சில வாரங்களில் பிடித்த பாட்டை நீங்களே வாசிக்கலாம் என்பார்கள். முதல் ஏழு நாள் இலவசம். எட்டாவது நாள், ஒரு வருடத்துக்கான பணம் கார்டிலிருந்து மொத்தமாகப் போகும்.

சேலையூர், மேடவாக்கம், பெருங்களத்தூர் பக்கம் வாடகை வீட்டில் இருந்துகொண்டு சிறுசேரிக்கோ சோழிங்கநல்லூருக்கோ வேலைக்குப் போய் வருபவருக்கு, இந்த விளம்பரம் தனக்காகவே எடுத்தது போல இருக்கும். இசை வகுப்புகள் பெரும்பாலும் மாலையில் நடக்கின்றன; ஆபீஸ் பஸ் மேடவாக்கம் வந்து சேருவதற்குள் டீச்சர் கதவைப் பூட்டியிருப்பார். சனிக்கிழமை போகலாம் என்றால், வகுப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் ஏழு வயசுப் பிள்ளைகள். முப்பது வயதில் அவர்களோடு உட்கார்ந்து ஒரு விரலால் தட்ட யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். போன் அப்படியில்லை. தப்பாக வாசித்தாலும் முகம் சுளிக்காது.

சரி, ஆப் வைத்து பியானோ வருமா? ஓர் எல்லை வரை நிச்சயம் வரும். அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்துகொண்டால் காசும் வீணாகாது, கையும் கெடாது.

போனுக்கு எப்படிக் காது கேட்கிறது?

சிம்ப்ளி பியானோ, ஃப்ளோகீ, யூசிஷியன், ஸ்கூவ் ஆகியவை பரவலாகப் பேசப்படும் ஆப்கள். முதலாவது இஸ்ரேலில் உருவானது, யூசிஷியன் பின்லாந்துக்காரர்களுடையது, மற்ற இரண்டும் பெர்லின். தோற்றம் வேறு வேறாக இருந்தாலும் அடிப்படை வேலை ஒன்றுதான்: வாசிக்க வேண்டிய நோட்டைத் திரையில் காட்டும், நீங்கள் வாசிப்பதைக் கேட்கும், சரியா தப்பா என்று சொல்லும்.

கேட்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. முதல் வழி, போனின் மைக். பியானோவின் நடுப்பகுதியில் உள்ள 'ஏ' என்ற கட்டையைத் தட்டினால் வினாடிக்கு 440 அதிர்வுகள், அதாவது 440 ஹெர்ட்ஸ். ஒரு ஸ்தாயி கீழே போனால் 220, மேலே போனால் 880. மைக்கில் விழும் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் எந்தெந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று ஆப் கணக்குப் போடுகிறது.

சொல்வதற்கு எளிது, நடைமுறையில் சிக்கல். ஒரு கட்டையைத் தட்டினால் ஓர் அதிர்வெண் மட்டும் வருவதில்லை. 262 ஹெர்ட்ஸில் இருக்கும் நடு 'சி'யைத் தட்டினால் 523, 785, 1047 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கும். இதில் 523 என்பது அடுத்த ஸ்தாயி 'சி'யின் சொந்த அதிர்வெண். ஆகவே இரண்டு 'சி'க்களையும் சேர்த்துத் தட்டினீர்களா, கீழ் 'சி'யை மட்டும் தட்டினீர்களா என்று மைக் வழியாகப் பிரித்துச் சொல்வது கஷ்டம். இடது கோடியில் வேறு பிரச்சினை. 88 கட்டைகள் கொண்ட பியானோவின் முதல் கட்டை 27.5 ஹெர்ட்ஸ், அடுத்தது 29.1. ஒன்றரை ஹெர்ட்ஸ் சொச்சம்தான் இடைவெளி. இதைப் பிரித்தறிய அரை வினாடிக்கு மேல் காது கொடுக்க வேண்டும். அதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கும்.

இத்தனைக்கும் பிறகு ஆப் பெரும்பாலும் சரியாகவே சொல்கிறது. காரணம், அதன் கையில் விடைத்தாள் இருக்கிறது. அடுத்து எந்த நோட்டு வர வேண்டும் என்பது அதற்கு முன்பே தெரியும். 'என்ன வாசித்தார்?' என்று துப்பறிய வேண்டியதில்லை, 'இதை வாசித்தாரா?' என்று சரிபார்த்தால் போதும். சில சமயம் விரல் பக்கத்துக் கட்டையிலும் பட்டு இரண்டும் சேர்ந்து ஒலித்தாலும் பச்சை விளக்கு எரிந்துவிடுவது இதனால்தான்.

சென்னை வீடுகளில் மைக்குக்கு எதிரிகள் அதிகம். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு யாராலும் பயிற்சி செய்ய முடியாது. குக்கர் விசில் இருக்கிறது. பல்லாவரம், பம்மல் பக்கம் என்றால் தலைக்கு மேல் விமானம், தண்டவாளத்தை ஒட்டிய வீடு என்றால் ரயில் ஹாரன். சரியாக வாசித்தும் 'தப்பு' என்று காட்டினால், உங்கள் மேல் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஃபேன் மேல் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது வழி கேபிள். 1983-ல் வந்த 'மிடி' என்ற ஏற்பாடுதான் இன்றும் கீபோர்டுகள் கம்ப்யூட்டரோடு பேசும் மொழி. இதில் சத்தமே போவதில்லை. எந்தக் கட்டை, எப்போது அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக, எப்போது விடப்பட்டது என்ற தகவல் மட்டும் எண்களாகப் போகும். அழுத்தத்தின் அளவு 127 வரையிலான ஓர் எண். ஃபேன் ஓடினாலும் கவலையில்லை. பல கீபோர்டுகளின் பின்பக்கம் இருக்கும் சதுரமான யுஎஸ்பி துளை, பிரிண்டர் கேபிள் சொருகும் அதே துளைதான். அந்த கேபிளும் போனுக்கு ஏற்ற ஓடிஜி இணைப்பும் இருந்தால் வேலை முடிந்தது. ராத்திரி பத்து மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஹவுஸ் ஓனருக்குத் தெரியாமல் வாசிக்கலாம்.

ஹெட்போன் மட்டும் வயர் வைத்ததாக இருக்கட்டும். ப்ளூடூத்தில் சத்தம் பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேல்கூடத் தாமதமாக வரும். படம் பார்க்க அது பரவாயில்லை. விரல் இப்போது, சத்தம் அப்புறம் என்று வந்தால் வாசிக்கிறவருக்குத் தாளம் தறிகெட்டுப் போகும்.

எதில் வாசிப்பது?

போன் திரையிலேயே கட்டைகளைத் தட்டும் ஆப்களும் உண்டு. நோட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்ய அவை உதவலாம். பியானோ பழக உதவாது, கண்ணாடியில் விரலுக்கு எந்த எதிர்ப்பும் கிடைக்காது.

ஆரம்பத்துக்கு 61 கட்டைகள் போதும். கவனிக்க வேண்டியது இரண்டே விஷயம்: மெதுவாகத் தட்டினால் மெல்லிய சத்தம், ஓங்கித் தட்டினால் பெரிய சத்தம் வருகிற 'டச் ரெஸ்பான்ஸ்' இருக்க வேண்டும், யுஎஸ்பி மிடி இருக்க வேண்டும். இவை இரண்டும் உள்ளவை ஏறக்குறைய 10,000 முதல் 20,000 ரூபாய்க்குள் கிடைக்கின்றன. கட்டைக்கு நிஜ பியானோ போல எடை கொடுத்த 88 கட்டை டிஜிட்டல் பியானோ வேண்டுமென்றால் சுமார் 40,000-த்திலிருந்து மேலே. ஆறு மாதம் தாண்டிய பிறகு அதைப் பற்றி யோசித்தால் போதும்.

இதில் ஓர் உள்ளூர்ச் சங்கதி உண்டு. ஜப்பானின் யமஹா நிறுவனம் திருப்போரூர் பக்கத்தில் உள்ள ஒன்ஹப் சென்னை தொழிற்பூங்காவில் இசைக்கருவித் தொழிற்சாலை அமைத்து 2019-ல் உற்பத்தியைத் தொடங்கியது. கீபோர்டும் கிட்டாரும் அங்கே தயாராகின்றன. கேளம்பாக்கத்தில் குடியிருப்பவர் வாங்கும் கீபோர்டு அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே செய்யப்பட்டதாக இருக்க வாய்ப்பு உண்டு.

கம்பி வைத்த அசல் பியானோ? மனசு கேட்கும். ஒரு பியானோவுக்குள் சுமார் 230 கம்பிகள், எல்லாம் சேர்ந்து பல டன் இழுவிசையில் முறுக்கப்பட்டிருக்கும். கம்பிகளுக்கு அடியில் இருப்பது மரப்பலகை. சென்னையின் ஈரக் காற்றில் மரம் உப்பும், ஏசி போட்டால் சுருங்கும்; ஒவ்வொரு முறையும் சுருதி நகரும். வருடத்துக்கு இரண்டு தடவையாவது சுருதி சேர்க்க ஆள் வர வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் இந்த ஊரில் மிகக் குறைவு. அசலை ஒரு தடவையாவது தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் அண்ணா சாலையில் மியூசி மியூசிகல் இருக்கிறது. 1842-ல் மிஸ்குவித் என்ற பெயரில் தொடங்கிய கடை அது.

ஆப் பார்க்காத விஷயம்

முதல் ஒரு மாதம் ஆப் அருமையான வாத்தியார். நோட்டு எங்கே இருக்கிறது, எத்தனை மாத்திரை நிற்க வேண்டும் என்பதை அலுக்காமல் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுக்கும். ஒரே பாடத்தை இருபது தடவை கேட்டாலும் பெருமூச்சு விடாது. பெரியவர்களுக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் அதற்குக் காது உண்டு, கண் இல்லை. நீங்கள் எந்த விரலால் தட்டினீர்கள் என்பது அதற்குத் தெரியாது. கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண் போட்டால், 'சி' ஸ்கேலை வலது கையில் வாசிக்கும் முறை 1-2-3, பிறகு கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் கொண்டுபோய் மறுபடி 1-2-3-4-5. எட்டு நோட்டுக்கு ஐந்து விரல் போதுவது இப்படித்தான். ஆப் இதைப் படம் போட்டுக் காட்டும். நீங்கள் அதைச் செய்யாமல் ஆட்காட்டி விரலாலேயே எட்டையும் தட்டி முடித்தாலும் மூன்று ஸ்டார் கொடுத்துவிடும். மெதுவான பாட்டில் வித்தியாசம் தெரியாது. நான்காவது மாதம் வேகமான பாட்டு வரும்போது விரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அப்போது பழகியதை மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். புதிதாகக் கற்பதைவிட அது கஷ்டம். நிறையப் பேர் கீபோர்டுக்குத் துணி போட்டு மூடுவது இந்த இடத்தில்தான்.

மணிக்கட்டும் அப்படித்தான். பகல் முழுக்க லேப்டாப்பில் டைப் அடித்த கை அது. ராத்திரி கட்டிலில் கீபோர்டை வைத்துச் சம்மணம் போட்டுக் குனிந்து வாசித்தால், அதே தசைகளுக்கு இரண்டாவது ஷிஃப்ட். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கை ஏறத்தாழ நேர்மட்டத்தில் இருக்கும்படி நாற்காலியும் ஸ்டாண்டும் வேண்டும். ஸ்டாண்டு வாங்கக் கணக்குப் பார்ப்பவர்கள் அதிகம். ஆனால் ஆப் சந்தாவைவிட ஸ்டாண்டுதான் முக்கியம். விரலில் மரத்துப் போனது போலவோ ஊசி குத்துவது போலவோ இருந்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். தொடர்ந்து இருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது, தாளம். பல ஆப்களில் நீங்கள் சரியான கட்டையைத் தட்டும்வரை திரை காத்திருக்கும் வசதி உண்டு. ஆரம்பத்துக்கு நல்லது. பழகிவிட்டால் ஆபத்து, ஏனென்றால் பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை மூன்று காலத்தில் பாட வைப்பார்கள். முதல் காலம் மெதுவாக, இரண்டாம் காலம் அதன் இரட்டிப்பு, மூன்றாம் காலம் அதற்கும் இரட்டிப்பு. கை போடும் தாளம் மட்டும் மாறாது. ஆப் பாடத்தையும் அப்படியே செய்யலாம். காத்திருக்கும் வசதியை அணைத்துவிட்டு, வேகத்தைப் பாதியாக்கி, தப்பு வந்தாலும் நிற்காமல் கடைசி வரை போய்ப் பாருங்கள். ஸ்டார் குறையும். பரவாயில்லை.

இந்த மூன்றுக்கும் மருந்து ஒன்றுதான்: நடுநடுவே ஒரு மனிதர் பார்க்க வேண்டும். வாரா வாரம் வேண்டாம், மாதம் ஒரு தடவை போதும். பரங்கிமலை, பல்லாவரம், தாம்பரம் பக்கத்துத் தேவாலயங்களில் ஞாயிறு ஆராதனைக்கு கீபோர்டு வாசிப்பவர்களில் வீட்டில் சொல்லித் தருபவர்களும் உண்டு. 'ஆப்ல கத்துக்கறேன், கை எப்படி இருக்குன்னு மட்டும் பாருங்க' என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வெள்ளைக் கட்டையில் ஆறு ராகம்

சின்ன வயதில் பாட்டுக் கிளாஸ் போய் பாதியில் விட்டவர்களுக்கு பியானோ நினைத்ததைவிடச் சுலபமாகப் பிடிபடும். 'அவங்க அஞ்சு கட்டையில பாடுறாங்க' என்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைதான். 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து. 'ஜி'க்கு அடுத்த கறுப்பு ஐந்தரை. பியானோ அடுக்கும் அதேதான்.

ஆப் முதலில் சொல்லித் தருவது 'சி மேஜர்'. சட்ஜமத்தை 'சி'யில் வைத்து வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாகத் தட்டினால் கிடைக்கும் அது, நமக்குச் சங்கராபரணம். இனி ஒரு விளையாட்டு. அதே வெள்ளைக் கட்டைகளை 'டி'யிலிருந்து 'டி' வரை வாசித்தால் கரகரப்பிரியா. 'ஈ'யிலிருந்து தோடி. 'எஃப்'பிலிருந்து கல்யாணி. 'ஜி'யிலிருந்து அரிகாம்போதி. 'ஏ'யிலிருந்து நடபைரவி. 'பி'யில் மட்டும் பஞ்சமம் சரியாக விழாது, அதனால் அங்கே மேளகர்த்தா ராகம் கிடையாது. கிரகபேதம் என்று புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும் விஷயம், கீபோர்டில் ஐந்து நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும். சரளி வரிசைக்கு உரிய மாயாமாளவகௌளை வேண்டுமென்றால் 'சி'யை ஒட்டிய கறுப்பையும் 'ஜி'யை ஒட்டிய கறுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: ரி, த இரண்டும் அங்கே இருக்கின்றன.

இவை ராகங்களின் எலும்புக்கூடு மட்டும்தான். பியானோவில் கமகம் வராது, ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியில்லை. தோடியை வெள்ளைக் கட்டையில் தட்டிக் காட்டினால் பாட்டு வாத்தியார் காதைப் பொத்திக்கொள்வார்.

நம்ம பாட்டு எங்கே?

ஆப்களின் பாட்டுப் பட்டியலைத் திறந்தால் பெரும்பாலும் ஆங்கிலப் பாப், ஹாலிவுட் பட இசை, பீத்தோவன். இளையராஜாவையோ ரஹ்மானையோ வாசிக்கத்தான் கீபோர்டு வாங்கினோம் என்பவர்கள் இரண்டாவது வாரத்தில் யூடியூபுக்குப் போய்விடுகிறார்கள். அங்கே திரையின் மேலிருந்து கலர்க் கட்டங்கள் மழை மாதிரி கட்டைகள் மேல் விழும். விழும் இடத்தில் தட்ட வேண்டும். உடனே பாட்டு வரும், சந்தோஷமாக இருக்கும். ஆனால் அந்த வீடியோ இல்லாமல் அடுத்த பாட்டு வராது. ஐந்து கோட்டில் எழுதிய நோட்டேஷனைப் படிக்கப் பழகியவருக்கு எந்தப் பாட்டின் தாளைக் கொடுத்தாலும் மெதுவாகவாவது வாசிக்க முடியும். பண்ணைப்புரத்திலிருந்து சென்னைக்கு வந்த இளையராஜா, மயிலாப்பூரில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றுக்கொண்டவற்றில் இந்த எழுத்தும் ஒன்று. பின்னாளில் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கு ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக அவர் எழுதிக் கொடுத்தது இதில்தான். ஆப் பாடங்களில் சலிப்பூட்டும் பகுதி நோட்டேஷன்தான், அதைத் தாண்டி ஓட வேண்டாம்.

லிடியன் நாதஸ்வரம் பேச்சு இங்கே வராமல் இருக்காது. 2019 மார்ச்சில், 13 வயதில், அமெரிக்க சிபிஎஸ் டிவியின் 'தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்' போட்டியில் ஒரு மில்லியன் டாலர் ஜெயித்த சென்னைப் பையன். நம்பவே முடியாத வேகத்தில் ஓடிய அந்த விரல்களைப் பார்த்துவிட்டு கீபோர்டு வாங்கிய வீடுகள் உண்டு. அவர் ரஹ்மானின் கே.எம். இசைக் கல்லூரியில் படித்தவர், பயிற்சி மணிக்கணக்கில். பத்து நிமிட ஆப் பாடத்தோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை.

ஒரு சர்டிஃபிகேட் வேண்டுமா?

வீட்டிலிருந்தே கிரேடு தேர்வு எழுதலாம். லண்டனைச் சேர்ந்த ஏபிஆர்எஸ்எம் 2020 முதல் 'பெர்ஃபார்மன்ஸ் கிரேடு' என்ற முறையை நடத்துகிறது. நான்கு பாடல்களை இடையில் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். நேரில் நடக்கும் தேர்வில் உள்ள ஸ்கேல், முன்பின் பார்க்காத தாளை வாசிப்பது, காது கேட்டுச் சொல்வது ஆகியவை இதில் கிடையாது. ஆறாம் கிரேடு தொட வேண்டுமானால் ஐந்தாம் கிரேடு தியரியை முடித்திருக்க வேண்டும்.

இங்கே பலர் தடுக்கி விழுவது கருவியில். பியானோ தேர்வுக்கு எடையுள்ள கட்டைகள் கொண்ட பியானோ வேண்டும், 61 கட்டை கீபோர்டு செல்லாது. கீபோர்டு மட்டும் வைத்திருப்பவர்களுக்கு ட்ரினிட்டி காலேஜ் லண்டன் 'எலக்ட்ரானிக் கீபோர்டு' என்று தனிப் பாடத்திட்டமே வைத்திருக்கிறது. பணம் கட்டுவதற்கு முன் எதற்குப் பதிவு செய்கிறோம் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எட்டாம் நாள்

இலவச வாரத்தில் ஆர்வம் போய்விட்டது என்று ஆப்பை அழித்தால் சந்தா ரத்தாகாது. ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோருக்குள் போய், உங்கள் படத்தைத் தொட்டு, 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பகுதியில் ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் செட்டிங்ஸில் பெயரைத் தொட்டால் 'சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும். அதில் கெடு முடிவதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே ரத்து செய்திருக்க வேண்டும்.

'ஓடிபி வராம எப்படிப் பணம் போச்சு?' என்று கேட்பவர்களுக்கு: ரிசர்வ் வங்கி விதிப்படி, 2021 அக்டோபரிலிருந்து இப்படித் தானாகப் போகும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே வங்கி தகவல் அனுப்ப வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஓடிபி கேட்க வேண்டிய வரம்பு முதலில் 5,000 ரூபாயாக இருந்து, 2022 ஜூனில் 15,000 ஆனது. அதற்குக் கீழே உள்ள சந்தா, முதல் தடவை நீங்கள் கொடுத்த அனுமதியிலேயே போய்விடும். அந்த முன்தகவல் எஸ்எம்எஸ், லோன் விளம்பரங்களுக்கு நடுவே கண்ணில் படாமல் போவதுதான் வழக்கம். வருடச் சந்தாதான் மலிவு என்று ஆப் வற்புறுத்தும். முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுகிற வழி இருந்தால் கொஞ்சம் கூட ஆனாலும் அதுவே நல்லது.

கீபோர்டுக்கும் இதே கணக்கு. புதிது வாங்கி மூன்றாம் மாதம் மூடி வைத்தவர்கள் விற்கும் பழைய கீபோர்டுகள் ஆன்லைனில் கிடைக்கும், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையின் பழைய எலக்ட்ரானிக் குவியல்களிலும் அதிர்ஷ்டம் இருந்தால் அகப்படும். வாங்குவதற்கு முன் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எல்லாக் கட்டைகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக ஒரு தடவையும் ஓங்கி ஒரு தடவையும் தட்டிப் பார்க்க வேண்டும். தட்டிய கட்டை மேலே வரத் தயங்கினாலோ, மெதுவாகத் தட்டியும் ஒரே ஒரு கட்டை மட்டும் கத்தினாலோ வேண்டாம். யுஎஸ்பி துளையில் சொந்த கேபிளைச் சொருகி போன் அதை அடையாளம் காண்கிறதா என்று பார்க்கவும். சந்தையில் ப்ளக் பாயின்ட் கிடைக்காது. சின்ன கீபோர்டுகள் பலவற்றில் அடிப்பக்கம் ஆறு ஏஏ பேட்டரி போடும் இடம் இருக்கும், போகும்போது ஆறு பேட்டரி எடுத்துப் போங்கள்.